மலையை வென்ற சைக்கிள் வீரர்

1910-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை. பிரான்சு நாட்டின் தென்கோடியில் உள்ள லுஷோன் என்ற ஊரில் சைக்கிள் வீரர்கள் கூடி நின்றார்கள். அன்றைய பந்தய தூரம் 326 கிலோமீட்டர். வழியில் பிரினீஸ் மலைகள் குறுக்கே நின்றன.

அந்த வீரர்களில் ஒருவர் ஆக்டேவ் லாபீஸ். வயது 22.

வேகப் புலி

லாபீஸ் 1887-ம் ஆண்டு பாரிசில் பிறந்தார். 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் 100 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பிறகு சைக்கிள் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டார்.

எல்லைக் கோடு கண்ணில் பட்டதும் அம்புபோலப் பாய்வதில் அவர் கெட்டிக்காரர். பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 1909, 1910, 1911 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றார். அதற்கு முன் யாரும் அப்படி வென்றதில்லை.

ஆனால், மலை ஏற வேகம் மட்டும் போதுமா?

மலையில் சோதனை

"டூர் டி பிரான்ஸ்" பந்தயம் பிரினீசின் பெரிய மலைகள்மீது சென்றது அதுவே முதல் தடவை. டூர்மாலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். பாதை முழுவதும் கல்லும் மண்ணும். சைக்கிளில் இப்போது இருப்பதுபோல் கியர் மாற்றும் வசதி கிடையாது. பழுது ஏற்பட்டால் வீரரே சரிசெய்ய வேண்டும்.

லாபீஸ் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஆனாலும் டூர்மாலே உச்சியை முதலில் தொட்டவர் அவர்தான்! பின்னால் வந்த கரிகூ என்ற வீரர் இறங்காமலே ஏறி முடித்தார்.

அடுத்தது ஒபிஸ்க் மலை. அங்கே லாபீஸ் துவண்டுபோனார். லபுர்காத் என்ற வீரர் அவரை முந்திச் சென்றுவிட்டார். உச்சியில் நின்ற பந்தய அதிகாரிகளைப் பார்த்ததும் லாபீசுக்கு ஆத்திரம் பொங்கியது. நீங்கள் கொலைகாரர்கள் என்று ஏசினார். மலை அடிவாரத்தில் பந்தயத்தை விட்டுவிடப் போவதாகவும் சொன்னார்.

ஆனால் விடவில்லை. முன்னால் போனவரை விரட்டிப் பிடித்தார். பயோன் நகரில் இத்தாலிய வீரர் அல்பினியைக் கடைசிப் பாய்ச்சலில் தோற்கடித்தார். அன்று அவர் சைக்கிளோடு போராடிய நேரம் 14 மணிக்கு மேல்!

நான்கே புள்ளி

முதலில் வந்தவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதாக வந்தவருக்கு இரண்டு. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றி வீரர். முடிவில் லாபீசுக்கு 63. அவருடைய அணியைச் சேர்ந்த பாபருக்கு 67. புறப்பட்டவர்கள் 110 பேர். பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 41 பேர்தான்.

லாபீஸ் அந்தப் பந்தயத்தில் ஆறு முறை கலந்துகொண்டார். கடைசிவரை ஓட்டி முடித்தது அந்த ஒரு முறைதான். அந்த முறையே வெற்றி!

வானில் முடிந்த வாழ்வு

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. லாபீஸ் சைக்கிளை விட்டுப் போர் விமானம் ஓட்டினார். 1917 ஜூலை 14-ந் தேதி பிரான்சின் தேசியத் திருநாள். அன்று வானில் நடந்த சண்டையில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் உயிர் நீத்தார். வயது 29.

பாபரும் அதே போரில் 1915-ல் மாண்டிருந்தார்.

இன்று டூர்மாலே உச்சியில் ஒரு சிலை இருக்கிறது. சைக்கிளில் மூச்சு வாங்க ஏறும் வீரரின் சிலை. அவர்தான் லாபீஸ். விட்டுவிடுகிறேன் என்று சொல்லியும் விடாத மனிதர்!