வளியின் ஈரத்தை வசப்படுத்திய பொறியியலாளர்: வில்லிஸ் கேரியர் (1876 – 1950)

வளிச்சீராக்கி எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று கேட்டால், உங்களிற் பெரும்பாலானோர் அறையைக் குளிராக்குவதற்கு என்றே விடை எழுதுவீர்கள். அது பிழையான விடை அன்று. ஆனால் முழுமையான விடையும் அன்று. நாம் பேச்சு வழக்கில் ஏசி என்று அழைக்கும் இந்த இயந்திரம் முதன்முதலில் மனிதருக்காகச் செய்யப்படவில்லை, காகிதத்துக்காகச் செய்யப்பட்டது. வெப்பத்தைப் போக்குவதை விட, வளியிலுள்ள ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் முதல் வேலையாக இருந்தது. இதை விளங்கிக்கொண்டால் கேரியரின் வாழ்க்கையும் விளங்கும், நமது நகரத்து வங்கிக் கட்டடத்தின் பின்சுவரில் ஏன் நாள் முழுதும் தண்ணீர் சொட்டுகிறது என்பதும் விளங்கும்.

வில்லிஸ் ஹவிலன்ட் கேரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகேயுள்ள அங்கோலா என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம், வீட்டுக்கு ஒரே பிள்ளை. (நமது காரைதீவில் விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்தபோது கேரியர் பதினைந்து வயதுப் பையன். காலத்தை மனதில் இருத்த இது உதவும்.) பழுதான மணிக்கூடுகளையும் தையல் இயந்திரங்களையும் தாமே கழற்றிப் பூட்டக்கூடியவர் அவருடைய தாயார். மகனுக்குப் பின்னக் கணக்கு விளங்காதபோது, அப்பிள் பழங்களை எடுத்து வரச் சொல்லி, அவற்றைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் வெட்டிக் காட்டி விளக்கினாராம். பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாக்கிப் பார்க்கும் பழக்கம் கேரியருக்கு அன்றே வந்தது. அந்தத் தாயார் மகனின் பதினோராவது வயதில் இறந்துவிட்டார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் செல்லப் பணம் இருக்கவில்லை. 1890களில் அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடி விவசாயக் குடும்பங்களை வெகுவாகப் பாதித்திருந்தது. சில காலம் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்தார். பின்னர் புலமைப்பரிசில் பெற்று கோர்னெல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். தங்குமிடச் செலவுக்காகப் புல் வெட்டினார், சலவை வேலை எடுத்துச் செய்தார். 1901இல் பொறியியற் பட்டத்துடன் வெளியேறி, பஃபலோ போர்ஜ் என்ற கம்பனியில் கிழமைக்குப் பத்து டொலர் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார். மின்விசிறிகளும் வெப்பமாக்கிகளும் செய்யும் கம்பனி அது. மரப்பலகையையும் கோப்பிக்கொட்டையையும் உலர்த்தும் கருவிகளை வடிவமைப்பது அவரின் தொடக்கப் பணியாயிற்று.

அடுத்த ஆண்டே அவரிடம் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிலிருந்த சக்கெற் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தார் வர்ணப் படங்கள் அச்சடிப்பவர்கள். ஒரு படத்துக்கு ஒவ்வொரு வர்ணத்தையும் தனித்தனியே, ஒன்றன் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். முதல் வர்ணம் அடித்த தாள் அடுத்த வர்ணத்துக்குப் போவதற்குள் சற்றே பருத்தோ சுருங்கியோ விட்டால், இரண்டாவது வர்ணம் இடம் விலகி விழும். கோடை காலத்தின் ஈரமான நாட்களில் இப்படித் தாள்கள் கட்டுக்கட்டாக வீணாகின.

இது உங்களுக்குப் புதிய செய்தியாக இராது. மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் சேரும்போது உங்கள் அப்பியாசக் கொப்பியின் மட்டை வளைந்து போவதையும், ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது அதே கொப்பியின் தாள் மொறமொறப்பாக இருப்பதையும் வாவிக்கரையில் வாழும் நீங்கள் பார்த்தே இருக்கிறீர்கள். காகிதம் தாவர நாரினால் ஆனது. வாழைச்சேனை ஆலையில் வைக்கோலிலிருந்தும் அதைச் செய்தார்கள். நார், சுற்றியுள்ள வளிக்கு ஏற்ப ஈரத்தை எடுக்கும், விடும்.

இங்கே ஒரு விஞ்ஞான உண்மையைப் பார்த்துவிட்டு மேலே செல்வோம். வளி எவ்வளவு சூடாக உள்ளதோ அவ்வளவு அதிக நீராவியைத் தாங்கும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 12 பாகையில் ஏறத்தாழ 11 கிராம்தான். நமது பகுதியில் 30 பாகையும் 80 சதவீத சாரீரப்பதனும் உள்ள ஒரு நாளில் ஒரு கன மீற்றர் வளியில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அந்த வளியை 12 பாகைக்குக் குளிர்வித்தால் 13 கிராமளவு நீர் ஒடுங்கி வெளியே விழுந்தே ஆக வேண்டும். பத்து மீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள ஒரு வகுப்பறையின் வளியை ஒரு முறை இவ்வாறு செய்தால் இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட நீர் கிடைக்கும். வங்கியின் பின்சுவரில் சொட்டும் தண்ணீர் இதுவேதான்.

கேரியர் இந்த வழியைத்தான் பிடித்தார். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின் மேல் வளியைச் செலுத்தி, அதன் ஈரத்தைச் சுருளிலேயே ஒடுங்கச் செய்தார். கிணற்று நீர் போதாதபோது அமோனியா இயந்திரத்தின் குளிரைச் சேர்த்துக்கொண்டார். 1902 யூலை 17 எனத் திகதியிட்ட அவருடைய வரைபடங்களே இன்றைய வளிச்சீராக்கியின் பிறப்புச் சான்றிதழ் எனலாம். அப்போது அவருக்கு வயது 25. ஆண்டு முழுவதும் 55 சதவீத சாரீரப்பதன் என்பதே அவர் வைத்த இலக்கு. ஒரு நாளைக்குச் சுமார் 49,000 கிலோகிராம் பனிக்கட்டியை உருக்குவதற்குச் சமமான குளிர்ச்சி அதற்குத் தேவைப்பட்டது. இயந்திரத்தின் வலுவை இன்றும் தொன் என்று சொல்வது இக்கணக்கின் எச்சம்தான். ஒரு தொன் ஏசி என்பது ஒரு தொன் எடையுள்ள பெட்டி அன்று. ஒரு தொன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கக்கூடிய அளவு வெப்பத்தை அகற்றுவது, அதாவது சுமார் 3.5 கிலோவாற்று.

ஆனால் கேரியருக்குத் திருப்தி வரவில்லை. ஈரத்தைக் குறைக்க முடிந்ததே தவிர, வேண்டிய அளவில் துல்லியமாக நிறுத்த வழி தெரியவில்லை. 1902இன் பிற்பகுதியில், பிற்ஸ்பேர்க் நகரப் புகையிரத நிலைய மேடையில் மூடுபனியின் நடுவே வண்டிக்காகக் காத்திருந்தபோது விடை தோன்றியது. மூடுபனி என்பது நீராவியால் நிரம்பிய வளி. எந்த வெப்பநிலையில் நிரம்பியது என்று தெரிந்தால், அதில் எத்தனை கிராம் நீர் உள்ளது என்றும் தெரியும். ஆகவே குளிர்ந்த நீரை நுண்ணிய துளிகளாகத் தெளித்துச் செயற்கை மூடுபனி ஒன்றை உண்டாக்கி, தெளிக்கும் நீரின் வெப்பநிலையை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும். பின்னர் அவ்வளியைச் சற்றுச் சூடாக்க, அது வேண்டிய அளவு உலர்ந்த வளியாகிவிடும்.

நீரைத் தெளித்து வளியை உலர்த்துவதா என்று நீங்கள் வியப்படையலாம். இயற்கை இதே வேலையை ஆண்டுதோறும் நமக்குச் செய்து காட்டுகிறது. தென்மேல் பருவக் காற்று மத்திய மலைநாட்டில் மோதி மேலெழுந்து குளிர்கிறது, முகிலாகிறது, மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அமுக்கம் கூடிச் சூடாகி, உலர்ந்த கச்சானாக நம் வயல்வெளிகளில் வீசுகிறது. குளிர்வித்தல், நீரைப் பிரித்தல், மீண்டும் சூடாக்கல் என்ற அதே மூன்று படிகள். புவியியற் பாடத்தில் கச்சானைப் படித்த மாணவருக்குக் கேரியரின் கருவி பாதி படித்த பாடம்தான்.

இக்கருவிக்கு 1906 சனவரி 2இல் காப்புரிமை கிடைத்தது. வளிச்சீராக்கம் என்ற பெயரை வைத்தவர் கேரியர் அல்லர். அதே 1906இல் துணி ஆலைகளுக்காக உழைத்த ஸ்ருவர்ட் கிறேமர் என்பவர். இதை மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதிவிடுவார்கள். 1911 டிசெம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் கேரியர் தமது ஈரப்பதன் சூத்திரங்களை வாசித்தளித்தார். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் இரு அளவீடுகளிலிருந்து வளியின் நிலை முழுவதையும் கணிக்கும் வரைபடம் அவற்றிலிருந்தே வளர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு வேலை நிலைக்கவில்லை. 1914இல் போர் மூண்டது. கம்பனி உற்பத்தியோடு மட்டும் நிற்கத் தீர்மானித்து, வளிச்சீராக்கப் பிரிவைக் கைவிட்டது. 1912இல் மனைவியையும் இழந்திருந்த கேரியர், ஆறு பொறியியலாளர்களுடன் சேர்ந்து, தங்கள் சேமிப்பைக் கூட்டி, 1915இல் கேரியர் பொறியியற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கினார். மூலதனம் முப்பத்து மூவாயிரம் டொலர் கூட இல்லை. துணி ஆலைகளும் புகையிலை, மருந்துத் தொழிற்சாலைகளுமே வாடிக்கையாளர்கள். மனிதருக்கான குளிர்ச்சி இன்னும் வரவில்லை. அமோனியா நச்சு வாயு; இயந்திரமோ பெரிது. சனம் கூடும் இடத்தில் அதை வைக்க முடியாது.

1922இல் அவர் வெளியிட்ட மையநீக்க நெருக்கி இந்நிலையை மாற்றியது. 1924இல் டெற்றொயிற் நகரின் ஹட்சன் கடையில் இத்தகைய மூன்று இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. 1925இல் நியூயோர்க்கின் றிவோலி திரையரங்கில் முதல் நாள் இயந்திரம் தாமதமாகவே தொடங்கியது. வந்திருந்த சனங்கள் கைவிசிறியால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். கேரியர் பின்னால் நின்று பதற்றத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல விசிறிகள் மடியில் இறங்கின. அதன் பின்னர் திரையரங்குகள் வரிசையாக அவரைத் தேடி வந்தன. 1928, 1929இல் அமெரிக்கக் காங்கிரசின் இரு அவைகளும் குளிரூட்டப்பட்டன.

1930களில் இயந்திரம் சிறுத்து, எல்லாப் பாகமும் ஒரே பெட்டிக்குள் அடங்கும் நிலைக்கு வந்தது. கடைகள், வங்கிகள், மண்டபங்களில் கூரை மேலோ கட்டடத்தின் பக்கத்திலோ இருக்கும் பெரிய பெட்டிகள் இவ்வகையின. உள்ளே திரவம் வாயுவாகி வெப்பத்தை உறிஞ்சும் ஆவியாக்கி, வாயுவை அமுக்கும் நெருக்கி, வெப்பத்தை வெளியே விட்டு வாயுவைத் திரவமாக்கும் ஒடுங்கி, அமுக்கத்தைக் குறைக்கும் விரிவு வால்வு ஆகியன உண்டு. காற்றாடிகள் வளியைத் தள்ளும்.

இப்பெட்டிகளைப் பராமரிப்பதற்கும் கேரியரின் பாடமே அடிப்படை. வடிகட்டியில் தூசு அடைத்தால் சுருளின் மேல் செல்லும் வளி குறையும், சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அதில் பனிக்கட்டி படியும், அறையோ புழுங்கும். அப்போது அலுவலகத்தில் உள்ளவர்கள் செய்வது வெப்பநிலையை இன்னும் குறைத்து வைப்பது. நோய் கூடவே அது உதவும். மாதம் ஒரு முறையாவது வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் பூட்ட வேண்டும். ஒடுங்கிய நீர் விழும் தட்டிலும் வடிகுழாயிலும் பாசி கட்டினால் நீர் உள்ளே கசியும். ஆகையால் சொட்டு நின்றுவிட்டால் மகிழக் கூடாது, பார்க்க வேண்டும். அறைக்குத் தேவையானதை விடப் பெரிய இயந்திரம் வாங்குவதும் தவறு. அது சட்டெனக் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை அகற்ற அதற்கு நேரம் போதாது. அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்.

கல்லடி, நாவலடி போன்று கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள இடங்களில் உப்புக் காற்று ஒடுங்கியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நன்னீரால் மெதுவாக அடிக்கடி கழுவுவது அவசியம். மின்தடைக்குப் பின் உடனே இயக்காமல் சுமார் மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். இரு பக்க அமுக்கமும் சமமாகாமல் நெருக்கியைத் தொடக்கினால் அதன் மோட்டர் எரியக்கூடும். இன்னொன்று: காஸ் என்பது பெற்றோல் போலச் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாயில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் நிரப்புபவர் உரிமையாளரின் பணத்தையும் வீணாக்கி ஓசோன் படைக்கும் புவி வெப்பநிலைக்கும் கேடு செய்கிறார். கட்டார், சவூதி நாடுகளுக்கு இத்தொழிலுக்குச் சென்ற அண்ணன்மார் உங்கள் ஊரிலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். வெறுமனே பெட்டி தூக்கும் உதவியாளுக்கும், அமுக்கமானியை வாசித்துக் குறையைச் சொல்லும் தொழில்நுட்பவியலாளருக்கும் சம்பளம் ஒன்றல்ல.

கேரியரின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1929இன் பொருளாதார வீழ்ச்சி அவருடைய கம்பனியையும் அசைத்தது. 1930இல் வேறு இரு கம்பனிகளுடன் இணைந்தே அது தப்பியது. 1937இல் சிரக்கியூஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. வானளாவிய கட்டடங்களுக்குச் சிறு குழாய்கள் மூலம் வேகமாக வளியை அனுப்பும் முறையை 1939இல் அவர் கொண்டுவந்தார். அதே ஆண்டில் இரண்டாவது மனைவியும் காலமானார். பின்னர் மூன்றாவது முறை மணம் புரிந்தார். இதய நோயினால் ஓய்வுபெற்ற அவர், 1950 ஒக்டோபர் 7இல் நியூயோர்க்கில் இறந்தார். உடல் பஃபலோ நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அமெரிக்க வீடுகளில் ஏசி பெருமளவிற் பரவியது அவர் கண்மூடிய பின்னர்தான். அப்பெட்டிகளிலும் குளிர்சாதனப் பெட்டிகளிலும் நிரப்பிய குளோரீன் கலந்த வாயுக்கள் ஓசோனை அரிப்பது தெரிய வந்ததும், அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானதும் அதற்கும் பிந்திய கதை.