அதிவீரராமர்: கல்லும் செம்பும் காட்டும் குலவரலாறு

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அரிச்சுவடி முடித்த சிறுவர்கள் ஆத்திசூடி, கொன்றைவேந்தனோடு சேர்த்து ஓதிய சிறுநூல் வெற்றிவேற்கை. தமிழ்ப் புலமை முற்றியவர்கள் தங்கள் கல்விக்கு உரைகல்லாகக் கொண்ட காப்பியம் நைடதம். தொடக்கக் கல்விக்கும் முடிந்த கல்விக்கும் ஒருவரே நூல் செய்தார் என்பது தமிழிலக்கிய வரலாற்றில் அரிதாக நிகழ்ந்த செய்தி. அவர் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர்.

நூல்கள் இவ்வளவு பரவியிருந்தும் ஆசிரியரின் காலமும் பிறப்பும் நெடுநாள் தெளிவின்றியே கிடந்தன. அவரைப் பல நூற்றாண்டுகள் முன்தள்ளிக் கணித்தோரும் உண்டு. பாண்டியர் என்ற பெயரைக் கண்டதும் மதுரையையும் பழமையையும் எண்ணிவிடுவது இயல்புதானே! 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல், கோயிற் சுவர்களில் இருந்த எழுத்துகளைத் துணைக்கொண்டு அவரைப் பதினாறாம் நூற்றாண்டில் நிறுத்தினார். புலவர்கள் வாய்வழியாகக் காத்த வரலாற்றுக்குக் கல்லும் செம்பும் சான்று கூறத் தொடங்கிய காலம் அது.

அவர் பிறந்த குலம் தென்காசிக்கு உரிய பழங்குடியன்று; மதுரையை இழந்து எல்லைப்புறத்திற்கு வந்து குடியேறிய குலம். 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பு, அதன்பின் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி, அவர்களை வென்ற குமார கம்பணரின் வருகை என அடுத்தடுத்து நேர்ந்த மாற்றங்களால் பாண்டியர் தெற்கும் மேற்குமாக ஒதுங்கினர். மேற்கு மலைத்தொடரின் அடிவாரம், சிற்றாற்றங்கரை, சேரநாட்டுக்குச் செல்லும் கணவாயின் வாயில் ஆகியவை கூடும் இடத்தில் அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1422இல் முடிசூடினார். கணவாய் வழியே வரும் சாரற்காற்று இன்றும் தென்காசிக் கோபுர வாயிலில் நிற்பவரைத் தள்ளும். நாட்டின் விளிம்பு என்பதை உடலே உணரும் இடம் அது.

அருகிலுள்ள குற்றாலமோ திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பழம்பதி. தென்காசிக்கு அத்தகைய தேவாரப் பெருமை இல்லை. புதிதாக வந்த குலம் தன் ஊருக்குப் பழமையைத் தானே படைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து சென்றால் செண்பக வனத்தில் இலிங்கத்தைக் காண்பாய் என இறைவன் பராக்கிரமரின் கனவில் உரைத்ததாகத் தலபுராணம் கூறும். கல்வெட்டு கூறும் செய்தி இதனினும் வியப்புக்குரியது. 1446இல் கோயில் தொடங்கியது; 1457இல் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டினார்; 1463இல் கோபுரம் முடியுமுன் மன்னர் மறைந்தார்; தம்பி குலசேகரர் அப்பணியைத் தொடர்ந்து முடித்தார். இக்கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர் எவராயினும் அவர் அடிகளைத் தாம் வணங்குவதாக மன்னர் செய்யுளாகவே பொறித்து வைத்தார். முடியுடை வேந்தர் முகமறியாத ஒருவரின் காலில் விழுவது பாண்டியர் கல்வெட்டுகளில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத குரல். நெடுங்காலம் சிதைந்து நின்ற அக்கோபுரம் எடுத்துக் கட்டப்பெற்று 1990இல் குடமுழுக்குக் கண்டது.

இக்குலத்தின் வழிமுறையை ஆராய்ந்தவர்கள் பட்ட இடர் சிறிதன்று. பராக்கிரமர், குலசேகரர், சீவல்லபர் என்னும் பெயர்கள் தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒருவர் ஆண்டுகொண்டிருக்கும்போதே மற்றொருவரும் முடிசூடித் தம் பெயரால் ஆட்சியாண்டு எண்ணுகிறார். பராக்கிரமரின் ஆட்சி 1463 வரை நீள, அவர் தம்பி 1429இலிருந்தே ஆண்டு கணக்கிடுகிறார். தந்தைக்குப் பின் மகன் என்னும் நேர்கோட்டை இங்கே தேடினால் வழி தப்பிவிடும். ஆயினும் இவர்களின் கல்வெட்டெழுதியோர் பின்வந்தவர்க்கு ஓர் உதவி செய்திருக்கிறார்கள். சக ஆண்டு, ஆட்சியாண்டு, மாதம், திதி, கிழமை, நாள்மீன் ஆகியவற்றை ஒருங்கே குறித்துச் சென்றனர். கீல்ஹார்ன், சாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் பஞ்சாங்கக் கணிதத்தால் அக்குறிப்புகளைச் சரிபார்த்துப் பாண்டிய மன்னர்களின் காலங்களை நிறுவினர். சக ஆண்டோடு 78 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆனால் கிழமையும் நாள்மீனும் அதற்கு இசைய வேண்டும். இசையாவிடில், படித்தவர் பிழையோ பொறித்தவர் பிழையோ என ஆராய வேண்டும்.

இவ்வாறு தெளிந்த வழிமுறையில் அதிவீரராமர் நெல்வேலி மாறரின் மகனாகக் காணப்படுகிறார். 1564இல் முடிசூடினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றிவிட்டது. பாண்டியர் பெயரளவில் வேந்தராகவும் பொருளளவில் திறை செலுத்துவோராகவும் இருந்த காலம் அது. போர்க்களத்தில் வெல்வதற்கு எதுவும் மிஞ்சாத நாற்பதாண்டுகளை அவர் தமிழுக்குக் கொடுத்தார். நைடதம், காசி காண்டம், கூர்ம புராணம், இலிங்க புராணம், வெற்றிவேற்கை என அவர் பெயரால் வழங்கும் நூல்கள் பல. வடமொழியில் ஸ்ரீஹர்ஷர் பாடிய நளன் கதையை அவர் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் புலப்படுகிறது. நாட்டை இழந்து காட்டுக்குச் சென்ற ஓர் அரசனின் கதையை, மதுரையை இழந்து மலையடிவாரத்துக்கு வந்த குலத்தவர் ஒருவர் பாடினார். வடகாசியின் பெருமை கூறும் காசி காண்டத்தைத் தமிழாக்கியதும் தென்காசியை நிறுவிய முன்னோரின் பணியைத் தொடர்ந்ததே.

வெற்றிவேற்கையின் பாயிரம் அவரைக் கொற்கைக்கு உரியவர் என்றும் குலசேகரர் என்றும் குறிக்கிறது. கொற்கையைக் கடல் கைவிட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. முத்தும் இல்லை, துறையும் இல்லை. எனினும் சிறுவர்க்கு நீதி கூறும் நூலின் வாயிலில் அந்தப் பழந்துறையின் பெயரை நிறுத்தியிருப்பது வெறும் அணியன்று. குல உரிமையைக் கூறும் ஆவணம். செப்பேடுகளும் இதனையே வேறு முறையில் செய்கின்றன. சக ஆண்டு 1505க்கு, அதாவது 1583க்கு உரிய புதுக்கோட்டைச் செப்பேடும், சக ஆண்டு 1517க்கு, அதாவது 1595க்கு உரிய தளவாய் அக்கிரகாரச் செப்பேடும் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் கோபிநாத ராவால் வெளியிடப்பெற்றன. பாண்டியர் தம் குலத்தைத் திங்களிலிருந்து தொடங்குபவர்கள். திங்களை மெய்ப்பிக்கக் கல்வெட்டு இல்லை. ஆனால் தாத்தா யார், தந்தை யார் என்னும் அளவிலேனும் இப்பட்டயங்கள் வழிகாட்டுகின்றன.

புலவர் உலகம் பெரிதும் வழக்கிட்ட செய்தி ஒன்றுண்டு. கரிவலம்வந்தநல்லூரில் ஆண்ட வரதுங்கராம பாண்டியர் அதிவீரராமருக்கு அண்ணன் என்பது கேள்விமரபு. தம்பி நைடதத்தை இயற்றி அண்ணனுக்கு அனுப்ப, அண்ணனின் தேவியார் அதனைப் படித்து, மலையேறும் நாயைப் போலப் போகப்போக நூல் இளைப்பதாகக் கூறினார் என்னும் கதையை அறியாத தமிழாசிரியர் இலர். கல்வெட்டுகளைக் கற்றோர் இவ்வுறவை மறுத்தனர். அதிவீரராமர் முடிசூடியது 1564. வரதுங்கர் முடிசூடியது 1588. இருபத்துநான்கு ஆண்டு பின்னே அரசுரிமை பெற்றவர் மூத்தவராவது எங்ஙனம் என்றனர். தந்தையரும் வேறு. வரதுங்கரின் தந்தை பராக்கிரம குலசேகரர். அதிவீரராமரின் தந்தை நெல்வேலி மாறர். ஆகவே கதை பொய் என்று சிலர் முடித்தனர்.

ஆனால் தமிழர் வீட்டு உறவுமுறையை இங்கே மறந்துவிடலாகாது. பராக்கிரம குலசேகரர் 1543இலும், அவர் தம்பியாகிய நெல்வேலி மாறர் 1552இலும் அரசேற்றனர். பெரியப்பாவின் மகனைத் தமிழன் என்னவென்று அழைப்பான்? அண்ணன் என்றே அழைப்பான். உடன்பிறந்தவர், பெரியப்பா மகன் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் நம் வீடுகளில் எழுவதே இல்லை. கேள்விமரபு கூறிய சொல்லும் கல் காட்டிய வழிமுறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவற்றிடையே பகையை உண்டாக்கியது பிறமொழி உறவுச்சொல்லால் அளந்த அளவை. தேவியாரின் திறனாய்வு நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லக்கூடிய அண்ணியார் ஒருவர் அக்குடும்பத்தில் இருந்திருக்கத் தடையில்லை.

நூல்களின் உரிமையிலும் இந்த இருவர் பெயரும் கலந்தே வருகின்றன. குட்டித் திருவாசகம் எனப் போற்றப்பெறும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதியை அதிவீரராமருக்கு உரியதாகச் சொல்வோரும், வரதுங்கருக்கு உரியதாகச் சொல்வோரும் உளர். கருவை என்பது கரிவலம்வந்தநல்லூர். அங்கே முடிசூடி வாழ்ந்தவர் வரதுங்கர் என்பதால் அவர் பக்கம் நியாயம் சற்றுக் கனமாகவே தோன்றுகிறது. இவ்வழக்கைத் தீர்க்கும் சான்று ஒருகாலத்தில் அவ்வூரிலேயே இருந்திருக்கலாம்.

வரதுங்கருக்கு மக்கள் இல்லை. அவர் உடைமைகள் யாவும் பால்வண்ணநாதர் கோயிலைச் சேர்ந்தன. அவர் தொகுத்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகளும் அவ்வாறே கோயிலுக்குச் சென்றன. டாக்டர் உ.வே.சாமிநாதையர் அச்செய்தியைக் கேள்வியுற்று, அரசர் வீட்டு ஏடுகளில் அரிய நூல்கள் கிடைக்கக்கூடும் என்னும் ஆவலோடு அங்கே சென்றார். பழுதுற்ற ஏடுகளைக் கண்டபடி எறியலாகாது, ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் இட வேண்டும் என்று கருதி, குழிவெட்டித் தீ வளர்த்து அவற்றை எல்லாம் எரித்துவிட்டதாக அவருக்கு விடை கிடைத்தது. கல்லில் வெட்டிய தானக் கணக்கு எஞ்சியது. செம்பில் பொறித்த நிலத்தின் எல்லை எஞ்சியது. அரசகுலத்தின் நூலகம் சாம்பலாயிற்று.

1604இல் அதிவீரராமரின் ஆட்சி முடிந்தது; 1612இல் வரதுங்கரின் ஆட்சி முடிந்தது. அவர்க்குப்பின் வந்தோரின் கல்வெட்டுகள் குறைந்து, பதினேழாம் நூற்றாண்டின் நடுவோடு அக்குலம் சுவர்களிலிருந்து மறைகிறது. மகன் இல்லாத வரதுங்கருக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய திதியைக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலே நடத்திவந்தது.