வால் நட்சத்திரத்துக்கு நாள் குறித்தவர்

எட்மண்ட் ஹாலி என்றதும் வால் நட்சத்திரம்தான் ஞாபகத்துக்கு வரும். என்னைக் கேட்டால் நியூட்டனுக்கு அவர் செய்த கைங்கர்யமே பெரியது என்பேன்.

1656-ல் லண்டன் அருகே, வசதியான சோப்பு வியாபாரியின் பிள்ளையாகப் பிறந்தார். இருபது வயதில் ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்டு, தென்வானத்து நட்சத்திரங்களை அளக்க செயிண்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறிவிட்டார்!

1684-ல் கேம்பிரிட்ஜ் போய் நியூட்டனைப் பார்த்தார். சூரியனின் இழுப்பு, தூரம் இரு மடங்கானால் நாலில் ஒரு பங்காகவும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறையுமானால், கிரகத்தின் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டார். நீள்வட்டம் என்று உடனே பதில் வந்தது. கணக்குப் போட்ட காகிதம்தான் அகப்படவில்லை. ஹாலி விடவில்லை. மறுபடி எழுத வைத்தார். அது வளர்ந்து 1687-ல் 'பிரின்சிபியா' ஆயிற்று. கல்லை விழச் செய்யும் இழுப்பேதான் சந்திரனையும் பிடித்து வைத்திருக்கிறது என்று அதில் கணக்கோடு காட்டியிருக்கிறது. பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தூரத்தில் சந்திரன் இருப்பதால், அங்கே இழுப்பு 3600-ல் ஒரு பங்கு.

ராயல் சொசைட்டியோ மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆகவே அச்சுச் செலவை ஹாலியே ஏற்றார், புரூஃபும் பார்த்தார். அவருடைய சம்பளத்துக்குப் பதிலாக விற்காத மீன் புத்தகங்களைக் கொடுத்தார்களாம்! ஹூக் என்பவர் உரிமை கொண்டாடியதில் கோபித்துக்கொண்ட நியூட்டன், மூன்றாம் பாகமே கிடையாது என்றார். சந்திரனும் கிரகங்களும் வருவது அந்தப் பாகத்தில்தான். சமாதானம் செய்து அதை வாங்கியவரும் ஹாலிதான்.

பிறகு அந்தக் கணக்கை வால் நட்சத்திரங்களுக்குப் போட்டார். 1531, 1607, 1682-ல் வந்தவை மூன்றும் ஒன்றே என்று கண்டு, 1758-ல் திரும்பும் என்று 1705-ல் வெளியிட்டார். இடைவெளி ஒரே சீராக இல்லையே? குருவும் சனியும் வழியில் அதை இழுப்பதுதான் காரணம். (ஜாதகத்தில் நாம் பார்த்துக் கவலைப்படும் அதே இருவர்!)

1742-ல், 85 வயதில் ஹாலி காலமானார். பிரான்ஸில் கிளேரோவும், லலாந்தும், லெபோத் அம்மையாரும் மாதக்கணக்கில் கணக்குப் போட்டு, குருவால் 518 நாளும் சனியால் 100 நாளும் தாமதம் என்றார்கள். 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியில் ஒரு விவசாயி கண்ணில் அது பட்டது. 1759 மார்ச் 13-ல் சூரியனை நெருங்கியது. கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மாதம்தான்.

1986-ல் வந்தபோது, பைனாகுலரில் எனக்கு மங்கலான பஞ்சுத் துணுக்காகத்தான் தெரிந்தது. அடுத்த வருகை 2061-ல்.