ஜியாக்கோமோ டி'ஏஞ்சலிஸ்

ஜியாக்கோமோ டி'ஏஞ்சலிஸ் இந்திய வானூர்திப் பறப்பின் முன்னோடிகளுள் ஒருவர். கோர்சிகாத் தீவினரான இவர், சென்னை மவுண்ட் சாலையில் (இன்றைய அண்ணா சாலை) தமது பெயரில் தங்கும் விடுதி நடத்தி வந்தார். 1909 சூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் கடந்தார். அடுத்த எட்டு மாதங்களுக்குள் டி'ஏஞ்சலிஸ் தாமே வடிவமைத்த ஈரிறக்கை வானூர்தி ஒன்றைச் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டுவித்தார். அந்நிறுவனம் வண்டிகள் செய்வதில் பெயர்பெற்றது. வானூர்தி அதற்குப் புதிது. சிறிய பொறியே அதில் பொருத்தப்பட்டது. 1910 மார்ச்சில், மீனம்பாக்கத்தை அடுத்த பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுச் சோதித்தார். பின்னர் தீவுத்திடலில் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கும் காட்டினார்.

இந்தியாவின் முதற் பறப்பாக 1910 திசம்பரில் அலகாபாத்தில் நிகழ்ந்ததையே பலரும் குறிப்பிடுவர். பல்லாவரத்துப் பறப்பு அதற்கு ஒன்பது மாதங்கள் முந்தியது. மேலும், அலகாபாத்தில் பறந்தவை கப்பலில் வந்திறங்கியவை. இதுவோ சென்னையிலேயே உருவானது.