பசிப்பிணி தீர்க்கப் புறப்பட்டவர்

வானம் பொய்த்தால் பஞ்சம் வருமென்பதை நம் நாட்டில் குழந்தையும் அறியும். உண்மையுரைப்போரின் வாயை ஸர்க்கார் அடைத்தாலும் பஞ்சம் வருமென்பதை உணர்ந்தோர் சிலரே. ருஷ்ய தேசத்துத் தாவர சாஸ்திரி நிக்கோலாய் வாவிலாவின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். தேசத் தொண்டில் ஈடுபட்டோர் யாவரும் அதை அறிந்திருத்தல் அவசியம்.

வாவிலாவ் 1887-ம் ஆண்டு மாஸ்கோ நகரில் ஒரு வியாபாரியின் புதல்வராகப் பிறந்தார். விவசாயக் கலாசாலையில் தேறியபின் 1913-ல் இங்கிலாந்து சென்று, பெற்றோரின் குணங்கள் சந்ததிக்கு இறங்கும் விதத்தை ஆராயும் பாரம்பரிய சாஸ்திரத்தைப் பயின்றார். 1917-ல் வால்கா நதிக்கரையிலுள்ள ஸாராடாவ் நகரில் ஆசிரியர் பதவி ஏற்றார். 1921-ல் அந்நதிப் பிரதேசத்தைக் கொடிய பஞ்சம் பீடித்துப் பல லட்சம் மக்களை மாய்த்தது. வறட்சிக்கும் குளிருக்கும் நோய்க்கும் ஈடுகொடுக்கும் பயிர்களை உண்டாக்குவதே அவருடைய வாழ்க்கை நோக்கமாயிற்று.

அதற்கு அவர் கண்ட மார்க்கம் எளியது; ஆனால் உழைப்பு மிகுந்தது. ஒரு பயிர் எந்தப் பிரதேசத்தில் மிகப் பல வகைகளாகக் காணப்படுகிறதோ, அப்பிரதேசமே அதன் ஜன்மபூமியாயிருத்தல் கூடும். அங்கே விளையும் நாட்டு வகைகளிலும் காட்டு வகைகளிலும் நமக்கு வேண்டிய சக்திகள் மறைந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடியெடுத்து நல்ல வகைகளோடு கலப்பு செய்ய வேண்டும். இக்கருத்துடன் அவர் 1924-ல் ஆப்கானிஸ்தானத்தின் மலைகளைக் கடந்தார். பின்னர் எத்தியோப்பியா, ஜப்பான், அமெரிக்காக் கண்டங்கள் எனப் பல தேசங்களிலும் திரிந்து விதை சேகரித்தார். 1940-ம் ஆண்டளவில் அவர் தலைமை வகித்த லெனின்கிராட் ஸ்தாபனத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் சேர்ந்திருந்தன.

இதனிடையே ஸ்டாலின் ஸர்க்கார் குடியானவர்களின் நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாக்கித் தானியத்தையும் பறித்துச் சென்றது. அதன் பலனாக 1932-33-ல் உக்ரேனியா முதலிய பிரதேசங்களில் மீண்டும் பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டனர். புதிய வகைகளை உண்டாக்க ஆண்டுகள் பல செல்லும் என்று வாவிலாவ் உள்ளதைச் சொன்னார். லைஸென்கோ என்பவரோ, விதையைக் குளிரூட்டிப் பயிரின் பரம்பரைக் குணத்தையே மாற்றிவிடலாம், இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் கிட்டும் என்று வாக்களித்தார். ஆரம்பத்தில் அவரை ஊக்குவித்தவரும் வாவிலாவே. ஆனால் அவருடைய கொள்கை பரிசோதனைக்கு நில்லாதென்று கண்டபின் பகிரங்கமாக மறுத்தார். அதிகாரத்திலிருந்தோருக்கு இனித்தது வாக்குறுதியே.

1940-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உக்ரேனியாவில் விதை தேடிக்கொண்டிருந்தபோது வாவிலாவ் கைது செய்யப்பட்டார். விவசாயத்தைச் சீர்குலைத்தார், வேவு பார்த்தார் என்பன குற்றச்சாட்டுகள். முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது இருபது ஆண்டுச் சிறைவாசமாயிற்று. உலகத்தின் பசி தீர்க்க உழைத்த அம்மனிதர், தாம் ஒரு காலத்தில் ஆசிரியராயிருந்த அதே ஸாராடாவ் நகரின் சிறையில், போதிய உணவின்றி நலிந்து 1943-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி மாண்டார்.

அந்நாட்களில் லெனின்கிராடும் ஜெர்மானிய சேனையின் முற்றுகையில் பட்டினி கிடந்தது. ஸ்தாபனத்து ஊழியர்கள் அரிசிக்கும் கோதுமைக்கும் நிலக்கடலைக்கும் நடுவிலிருந்தும், விதைகளில் கை வைக்காமல் காத்தனர். அவர்களில் பலர் பசியால் உயிர் நீத்தனர்.

1955-ல் தீர்ப்பு ரத்தாயிற்று. அந்த ஸ்தாபனம் இன்று வாவிலாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் லைஸென்கோவின் செல்வாக்கு 1964 வரை நீடித்தது. ருஷ்ய விவசாயமும் பாரம்பரிய சாஸ்திரமும் அதனால் அடைந்த நஷ்டம் கொஞ்சமன்று.

பயிர்களின் ஜன்மபூமிகளுள் இந்தியாவையும் ஒன்றாக வாவிலாவ் கணித்தார். ஆகவே நம் குடியானவர்களின் கையிலுள்ள பழைய விதைகள் நம் தேசத்தின் பொக்கிஷம், அவற்றை இழக்கலாகாது. விதையைக் காப்பது போலவே, ஆட்சியாளருக்கு உவப்பில்லாத உண்மையைச் சொல்வோரையும் காக்க வேண்டும். எக்கட்சி ஆண்டாலும் சரியே, அதிகாரத்தின் உத்தரவுக்கு மனிதர் அஞ்சலாம், மண் அஞ்சாது.