மோட்டாரைக் கழற்றிப் பார்க்கத் துணிந்த கலங்கல் விவசாயி மகன்

நவரை நெல் பூக்கும் நேரத்தில் கிணற்று மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயில் கட்டும் கடையில் மூன்று நாள், நான்கு நாள் என்பார்கள். கதிர் வெளிவந்து பூக்கும் அந்தச் சில நாட்களில் வயல் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். பிறகு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் போன மணி திரும்பாது.

வாலாஜாபாத் வட்டாரத்தில் இப்போது பல விவசாயக் குடும்பங்களில் ஒருவராவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறார். ஷிப்டில் நின்று எஞ்சினும் மோட்டாரும் பூட்டுகிறார். ஆனால் வீட்டுக் கிணற்று மோட்டாரில் சத்தம் வந்தால், அதன் மூடியைத் திறக்க அவருக்கே தயக்கம். அந்தத் தயக்கம் துளியும் இல்லாத ஒரு மனிதரின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜி.டி.நாயுடு.

கோவை மாவட்டம் சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில், 1893 மார்ச் 23 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி இறைத்ததால் வெளியே அனுப்பப்பட்டார் என்று சொல்வார்கள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அதன்பின் தோட்ட வேலைதான்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், மிதிக்கவும் இல்லாமல் ஓடும் வண்டி. பையனுக்கு அதைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பில்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். பணம் சேர்த்தார். அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியை ஓட்டித் திரிந்தார் என்றால் அது சாதாரணக் கதை. அவர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அவருக்குப் பள்ளிக்கூடம் அதுதான்.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்தார், அதிலேயே இழந்தார். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியுடன் 1920இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பேருந்துக் கதை தனியாக எழுத வேண்டிய அளவு நீளம். நமக்கு வேண்டியது அடுத்தது.

கோவைப் பக்கக் கிணறுகள் பாறையில் வெட்டியவை, ஆழமானவை. கவலை ஏற்றத்தில் மாடு முன்னும் பின்னும் நடந்துதான் தண்ணீர் வரும். 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கி, மின்சாரம் கோவைக்கு இறங்கியது. மின்சாரம் வந்தது, ஆனால் மோட்டார் கப்பலில் வர வேண்டியிருந்தது. விலையும் சாமானியருக்கு எட்டாது, பழுதானால் பாகமும் கிடைக்காது. 1937இல் நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். இன்று உங்கள் கிணற்றடியில் இருக்கும் மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துடைத்துப் பாருங்கள். கோவை முகவரி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டுப் பொருளைப் பிரித்துப் பார்க்கத் துணிந்ததால்தான் உள்ளூரில் அதைச் செய்ய முடிந்தது என்பது என் எண்ணம். கிணற்றடியில் இருக்கும் மூன்று பேஸ் மோட்டாரில் உண்மையில் பயப்பட அதிகம் இல்லை. வெளியே காயில் கட்டிய நிலையான பகுதி, உள்ளே சுழலும் ரோட்டார், இரண்டு முனையிலும் பேரிங், காற்றாடி. அவ்வளவுதான். ஒன்றோடொன்று உரசித் தேய்வது பேரிங் மட்டுமே. கரகர சத்தம் வந்ததும் அதை மாற்றினால் காயில் பிழைக்கும். விட்டுவிட்டால் ரோட்டார் காயில் பகுதியில் உரசும். அப்புறம் செலவு பல மடங்கு.

திறப்பதற்கு முன் மெயினை அணைத்துப் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் விளக்கு வைத்து மூன்று ஒயரிலும் மின்சாரம் இல்லை என்று பாருங்கள். ஒயர் இருந்த இடத்தை செல்போனில் படம் எடுங்கள். மூடியிலும் உடம்பிலும் நேருக்கு நேர் ஒரு புள்ளி குத்தி வைத்தால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் இருக்காது. பேரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், புல்லர் போட்டு இழுங்கள். அதன் எண் அதன் மேலேயே இருக்கும். காயில் கருகியிருந்தால் கடைக்குத்தான் போக வேண்டும். ஸ்டார்ட்டர், எர்த் வேலைக்கு உரிமம் பெற்ற ஒயர்மேன் வரட்டும். அதில் துணிச்சல் வேண்டாம். ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதைக் கட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பேஸ் போன நேரத்தில் மோட்டாரைக் கருக்குவது அந்தக் கட்டுதான்.

மாட்டிய பிறகு பம்பு ஓடியும் தண்ணீர் குறைவாக வந்தால், முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். பம்பின் மேல் அம்புக்குறி இருக்கும். தலைகீழாகச் சுற்றினால், மறுபடி மின்சாரத்தை அணைத்துவிட்டு மூன்று ஒயரில் எந்த இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.

ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்கள், படகுக்குப் பேட்டரி மோட்டாரை நாமே மாட்டலாமா என்று கேட்பதுண்டு. மாட்டலாம். இது புதிய யோசனையும் அல்ல. 1881இலேயே பாரிசில் சேன் ஆற்றில், குஸ்தாவ் ட்ரூவே என்பவர் சுக்கானோடு சேர்த்துக் கழற்றி எடுக்கக்கூடிய மின்மோட்டாரைப் படகில் பொருத்தி ஓட்டினார். பேட்டரி மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் விசிறி பின்னோக்கிச் சுற்றும். சில மாடல்களில் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையும் போய்விடும், ஆகவே நிறம் பார்த்து இணையுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வையுங்கள், கம்பி தடிமனாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், நைலான் வலை நூல் விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொள்ளும். அது சீலை அறுத்தால் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும். வாரம் ஒருமுறை பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு விசிறியைக் கழற்றிப் பாருங்கள்.

நாயுடுவுக்கு வருவோம். சிறிய பொம்மைக் கார் மோட்டாரைப் பார்த்து, உலர் பேட்டரியில் ஓடும் ரசாந்த் என்ற சவரக் கருவியைச் செய்தார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து வந்ததுதான். நான்கு ஆண்டு பொறியியல் படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். முனைவர் பட்டம் வரை படித்த எனக்கு இதில் முழு உடன்பாடு சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் மோட்டாரைத் தொடாமலே மோட்டார் பற்றித் தேர்வெழுதி வருகிறவர்களைப் பார்க்கும்போது, அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது.

விவசாயத்தையும் அவர் விடவில்லை. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளியில் சோதனை செய்தார். ஆள் உயரத்தைத் தாண்டிய பருத்திச் செடிகளை வளர்த்தார். சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவர் தோட்டத்துக்கு வந்து பார்த்தார்கள். இன்று நாங்கள் பருத்தியைக் குட்டையாக, நெருக்கி நடச் சொல்கிறோம். செடி உயரம் மகசூல் ஆகாது. என்றாலும் தம் நிலத்தில் ஒரு மூலையைச் சோதனைக்கு என்று ஒதுக்கிய பழக்கத்தை நான் மதிக்கிறேன். உங்களில் எத்தனை பேர் ஐந்து சென்ட் ஒதுக்குகிறீர்கள்?

1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். அவர் செய்த, சேகரித்த கருவிகளைக் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுலா போகும் உழவர் குழுக்கள் அரை நாள் அங்கேயும் ஒதுக்குங்கள். ஆலை வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.