ஓர் ஆசனம், ஓர் அமைச்சு: தொண்டமான் ஜே.ஆர். அரசுக்குள் போன கதை

1999 ஒக்டோபர் 30ஆம் திகதி சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மஸ்கெலியாவில் எங்கள் தோட்டத்து லயங்களில் செய்தி பரவியதும் வாசலுக்கு வாசல் வெள்ளைத் துணி கட்டினார்கள். எங்கள் வீட்டிலும் அம்மாயி ஒரு பழைய வேட்டியைக் கிழித்து இஸ்தோப்புத் தூணில் கட்டினார். தாத்தா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். இருவரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள். ஆனால் தொண்டமான் பேச்சு வந்தால் இருவருக்கும் ஒத்துப்போகாது. 1978இல் அவர் அமைச்சராகப் போனது சரி என்பது அம்மாயியின் கட்சி. அது எங்களை விற்ற வேலை என்பது தாத்தாவின் கட்சி.

தேர்தலில் ஒரு பக்கம் நின்று வென்றவர்களை மறுபக்கத்து ஜனாதிபதி அமைச்சராக்குவது இந்த நாட்டில் இப்போது யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. அந்த வழக்கத்தின் முதல் பெரிய உதாரணங்களில் ஒன்று எங்கள் மலையகத்திலிருந்தே போனது. அது எப்படி நடந்தது, எதற்காக நடந்தது என்று தேடிப் பார்க்க நான் முப்பது வயதைத் தாண்டவேண்டியிருந்தது.

தொண்டமான் 1913 ஆகஸ்ட் 30ஆம் திகதி தமிழ்நாட்டின் அன்றைய இராமநாதபுரச் சீமையில் பிறந்தவர். அவருடைய தந்தை கருப்பையா இலங்கைக்கு வந்து கங்காணியாகி, பின்னர் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே சொந்தமாக வாங்குமளவுக்கு உயர்ந்தவர். மகன் 1924இல் இங்கு வந்து கம்பளையில் படித்தார். ஆக, தொழிலாளரின் தலைவராகப் பின்னாளில் அறியப்பட்டவர் ஒரு தோட்ட முதலாளியின் பிள்ளை. எதிராளிகள் அவருடைய ஆயுள் முழுவதும் இதைச் சொல்லிக்காட்டினார்கள். அவரும் அதை மறைத்ததில்லை.

1939இல் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. தொண்டமான் கம்பளைக் கிளையில் தொடங்கி, 1945இல் அதன் தலைவரானார். 1947 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பிடித்தது. தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். மஸ்கெலியாவிலும் காங்கிரஸ் ஆளே வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது.

அந்த வாக்குகளைக் கண்டு டி.எஸ். சேனநாயக்கவின் அரசு அஞ்சியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து எங்கள் மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் எடுத்துக்கொண்டன. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து காங்கிரஸின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாக முடியவில்லை. அந்த ஆண்டு தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தும் பலனில்லை.

இதில் இரண்டு விடயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டங்களைக் கொண்டுவந்த அந்த அமைச்சரவையின் நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன. அதே அமைச்சரவையில் 1948 செப்டெம்பரில் போய்ச் சேர்ந்தவர் ஜி.ஜி. பொன்னம்பலம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு எதிராக நின்று வென்ற தமிழ்க் காங்கிரஸின் தலைவர் அவர். கைத்தொழில் அமைச்சரானார். அதனால் அவருடைய கட்சி உடைந்தது. செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எதிரணித் தமிழர் ஒருவர் அரசில் அமர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எங்கள் மக்கள் பார்த்த முதல் பதில் அது. அவர் உள்ளே இருந்தபோதே எங்கள் வாக்கு போனது.

அடுத்த அடி 1964இல் விழுந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கு. அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். தொண்டமான் ஒப்பந்தத்தை எதிர்த்தார். மனிதர்களிடம் எதுவும் கேட்காமல் தலையை எண்ணிப் பங்கு பிரித்தார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அம்மாயியின் அக்காவும் தம்பியும் அப்படித்தான் தலைமன்னார் போகும் கோச்சியில் ஏறினார்கள். அதை அழுகைக் கோச்சி என்றுதான் எங்கள் ஆட்கள் சொன்னார்கள். தம்பி நீலகிரியில் இருந்து கடிதம் போட்டார். அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது வடக்கு கிழக்குக் கட்சிகளோடு தொண்டமானும் சேர்ந்தார். செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் என்று மூவர் கூட்டுத் தலைமை. ஆனால் 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாடு கேட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது அவர் விலகி நின்றார். மலையகத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழ்கிறவர்கள். தனிநாட்டின் எல்லைக்குள் அவர்கள் வரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

இடையில் தோட்டங்களை அரசு சுவீகரித்தது. 1974ஐ ஒட்டிய காலத்தில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1977 மே மாதம் தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பறிப்பதை எதிர்த்த போராட்டத்தின்போது, சிவனு லட்சுமணன் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார்.

இரண்டு மாதங்களில் தேர்தல் வந்தது. நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் தொகுதி. முதலாவதாக ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க வந்தார். இரண்டாவது சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க. மூன்றாவது தொண்டமான். இடையில் நியமன உறுப்பினராக இருந்திருந்தாலும், மக்களின் வாக்கால் அவர் மீண்டும் பாராளுமன்றத்துக்குள் போக 30 ஆண்டுகள் பிடித்தன.

நாடு முழுவதிலும் 168 ஆசனங்களில் 140 ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. சுதந்திரக் கட்சிக்கு 8. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்கு ஒன்றே ஒன்று.

வாக்களித்த மறுமாதமே இனவன்முறை வெடித்தது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வவுனியா பக்கம் ஓடினார்கள். அந்த வன்முறைக்கு ஓராண்டு கழித்து, 1978 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்போடு ஜே.ஆரின் அமைச்சரவைக்குள் தொண்டமான் கிராமிய கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராகப் போனார்.

இங்கேதான் என் கேள்வி. ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களைக் கையில் வைத்திருக்கும் ஜனாதிபதிக்கு இந்த ஒற்றை ஆசனம் எதற்கு?

வெளிநாடுகளில் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1940இல், போர் நெருங்கி வந்தபோது, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஸ்டிம்சனை யுத்த அமைச்சுக்கும் நொக்ஸைக் கடற்படைக்கும் பொறுப்பாக நியமித்தார். ஒபாமா 2009இல், புஷ் நியமித்த பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸைத் தொடரச் சொன்னார். ஆனால் அங்கே அமைச்சர்கள் காங்கிரஸ் சபையில் அமர்வதில்லை. அவர்களை எடுப்பதால் சபையின் எண்ணிக்கை மாறாது. இலங்கையில் அமைச்சராவதற்குப் பாராளுமன்ற உறுப்பினராக இருக்கவேண்டும். ஆகவே ஓர் எதிரணியாளரை அமைச்சராக்கினால் எதிரணியில் ஒருவர் குறைவார். அரசுக்கு ஒரு கை கூடும். பெரும்பாலும் அதற்காகத்தான் இங்கே எடுப்பார்கள்.

ஜே.ஆருக்கு அந்தக் கை தேவையில்லை. அவருக்குத் தேவையானவை வேறு என்பது என் வாசிப்பு. முதலாவது, தேயிலை. நாட்டின் வெளிநாட்டு வருமானத்தின் முதுகெலும்பே அப்போது அதுதான். கொழுந்து பறிக்கும் கைகளை ஒரே நாளில் நிறுத்தக்கூடிய சங்கத்தின் தலைவரை வெளியே விடுவதைவிட உள்ளே வைப்பது நல்லது. இரண்டாவது, ஜனாதிபதித் தேர்தல். புதிய முறையில் முழு நாடும் ஒரே தொகுதி. எந்த மலை உச்சியில் விழும் வாக்கும் கணக்கில் வரும். 1982இல் நடந்த முதல் தேர்தலில் தொண்டமான் ஜே.ஆரையே ஆதரித்தார். மூன்றாவது, தமிழர்கள் எல்லோரும் தன்னை எதிர்க்கவில்லை என்று டெல்லிக்கும் உலகத்துக்கும் காட்ட ஒரு முகம். அடுத்த ஆண்டே கூட்டணியின் மட்டக்களப்பு உறுப்பினர் இராஜதுரையும் அதே வழியில் போய் அமைச்சரானார்.

தொண்டமானுக்கு என்ன தேவைப்பட்டது? வாக்கில்லாத மக்களின் தலைவர் அவர். எடுத்துக்கொண்டவர்களிடம்தான் திருப்பிக் கேட்கமுடியும். 1948இன் நிதி அமைச்சரிடமே போய் உட்கார்ந்ததற்கு அதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 1978 அரசியலமைப்பு, பரம்பரைப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பாகுபாட்டை நீக்கியது. அது முதல் படி.

ஆனால் 1983 ஜூலையில் தமிழர்கள் எரிந்தபோதும் அவர் அமைச்சராகவே இருந்தார். தாத்தாவின் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. பதவியை வீசிவிட்டு வந்திருந்தால் உலகம் திரும்பிப் பார்த்திருக்கும் என்பார். வந்திருந்தால் தோட்டத்தில் நமக்கு யார் காவல் என்பார் அம்மாயி. இந்தச் சண்டை எங்கள் வீட்டில் முடியவே இல்லை. எனக்கும் இதில் தீர்ப்புச் சொல்லத் தைரியமில்லை. உள்ளே இருந்ததால் அவரால் அந்த வன்முறையைத் தடுக்க முடியவில்லை என்பது மட்டும் உண்மை.

அமைச்சரான பின்னும் அவர் சங்கத்தை விடவில்லை. 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அமைச்சரே தன் அரசுக்கு எதிரான வேலைநிறுத்தத்தின் பக்கம் நின்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. அதே அமைச்சரவை மேசையில் போட்டித் தொழிற்சங்கத்தின் தலைவரான காமினி திசாநாயக்கவும் இருந்தார் என்பதை நினைத்தால், உள்ளே எத்தனை இழுபறி இருந்திருக்கும் என்று புரியும்.

1986 தைப்பொங்கல் அன்று பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. தொழிலாளர்கள் காலையில் பெரட்டுக்களத்துக்குப் போகாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள். சாமி கும்பிடுவதை வேலைநிறுத்தம் என்று சொல்லித் தடைசெய்வது கடினம். கொழுந்தோ காத்திருக்காது. சில நாட்களில் அரசு இறங்கிவந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தவர்கள் 506,000 பேர். ஒப்பந்தப்படி இந்தியா எடுக்கவேண்டிய 600,000 பேரில் மீதம் 94,000 பேர். அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுக்க 1986இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1988இல், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன், 39ஆம் இலக்கச் சட்டம். அதன்படி ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தாலே போதும், எஞ்சியவர்கள் பிரஜைகள். அந்த டிசம்பரில் தோட்டத்து வாக்குகள் பெருமளவில் பிரேமதாசவுக்குப் போனதில் வியப்பில்லை. விட்டுப்போனவர்களுக்கு 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

பிரேமதாச, விஜேதுங்க ஆகியோரின் அரசுகளிலும் தொண்டமான் அமைச்சராக இருந்தார். 1994 ஓகஸ்டில் அவருடைய கட்சி யானைச் சின்னத்தில் நின்றது. ஆட்சி கதிரைக்குப் போனது. பின்னர் தொண்டமானும் சந்திரிகாவின் அமைச்சரவைக்குப் போனார். கால்நடை அபிவிருத்தியும் தோட்ட உட்கட்டமைப்பும் அவருடைய பொறுப்பு. எதிரணியில் வென்று ஆளும் பக்கம் அமைச்சரானது இரண்டாவது தடவை. நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அமைச்சராக இருந்து, பதவியிலேயே தனது 86ஆவது வயதில் இறந்தார். இறந்த நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஒக்டோபர் 30. சரியாக 35 ஆண்டுகள்.

கணக்கில் பற்று இருப்பதுபோல் செலவும் உண்டு. 21 ஆண்டுகள் அமைச்சரவையில் இருந்தவரின் காலத்தில் லயம் லயமாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு நிற்கும் மண்ணில் உரிமைப் பத்திரம் கிடைக்கவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபோதும் அவர் அமைச்சர்தான். தலைமை குடும்பத்துக்குள்ளேயே போனது. பேரன் ஆறுமுகனும் பல அரசுகளில் அமைச்சராக இருந்து, 2020 மே மாதம் அமைச்சராகவே காலமானார்.

இன்று யாராவது பக்கம் மாறி அமைச்சரானால், எங்கள் ஊர்க் கடைகளில் பெரியவரே அப்படித்தானே செய்தார் என்று ஒரு நியாயம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் போனபோது என்ன கேட்டுப் போனார், எட்டு வருடத்தில், பத்து வருடத்தில் என்ன கொண்டுவந்தார் என்று சட்ட இலக்கத்தோடு சொல்லமுடிகிறது. பிறகு போனவர்களுக்கும் அதே கேள்வியைத்தான் போடவேண்டும். வாகனத்தையும் காரியாலயத்தையும் தவிர, எந்த இலக்கச் சட்டம்? எத்தனை பேர்ச் காணி? யாருடைய பெயரில்?

தாத்தா 2006இலும் அம்மாயி அதற்கு ஆறு வருடம் கழித்தும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாயியின் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பொலித்தீன் உறை இருந்தது. உள்ளே இரண்டு சத்தியக்கடதாசிகளின் பிரதி. ஒன்று அவருடையது. மற்றது தாத்தாவுடையது. தொண்டமானைக் கடைசிவரை ஏசிய தாத்தாவும் 1988இல் வரிசையில் நின்று கைநாட்டு வைத்திருக்கிறார். அந்தக் கடதாசியின் பலத்தில்தான் என் அம்மாவுக்கு அடையாள அட்டை கிடைத்தது. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. அவர்கள் வாழ்ந்த லயக் காம்பராவுக்கு மட்டும் இன்றுவரை ஒரு கடதாசியும் இல்லை.